இசைவிலிருந்து உரிமைக்கு: குடியியல் உரிமைச் சட்டங்களும் பழைய மதுரை மாவட்டமும் (1924 – 2006)

ஆய்வுச் சுருக்கம்

தீண்டாமையின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பொது இடங்களையும் பொதுப் பதவிகளையும் கோயில்களையும் திறந்துவிடும் நோக்கில் சென்னை மாகாணச் சட்டமன்றம் 1924 முதல் 1947 வரை பல தீர்மானங்களையும் சட்டங்களையும் நிறைவேற்றியது. இவற்றைத் தலைவர்களின் சாதனை வரிசையாகவோ, உரிமைகளின் பட்டியல் நீண்ட வரலாறாகவோ எழுதும் போக்கு மிகுதி. இக்கட்டுரை ஒவ்வொரு சட்டத்திடமும் ஒரே வினாவை எழுப்புகிறது: ஒடுக்கப்பட்டவர் தம் உரிமையைத் துய்க்க யாருடைய இசைவு வேண்டும் என்று அச்சட்டம் கருதியது? வத்தலக்குண்டை உள்ளடக்கியிருந்த பழைய மதுரை மாவட்டத்தின் நிகழ்வுகளை முன்வைத்து அவ்வினாவுக்கு விடை காண முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குடியியல் உரிமை, தீண்டாமை ஒழிப்பு, கோயில் நுழைவு, வழக்காறு, மதுரை மாவட்டம், வத்தலக்குண்டு, ஊராட்சி.

முன்னுரை

இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள வத்தலக்குண்டு, 1985இல் அம்மாவட்டம் உருவாகும் வரை மதுரை மாவட்டத்தின் நிலக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழ் இலக்கிய வரலாற்றில் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி. ஆர். ராஜமய்யர், விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவா, மணிக்கொடிக் காலத்துப் பி. எஸ். ராமையா, ‘எழுத்து’ இதழை நடத்திய சி. சு. செல்லப்பா ஆகியோர் இவ்வூரோடு பிறப்பாலும் வாழ்வாலும் தொடர்புடையவர்கள். ஆயின் ஓர் ஊரின் அச்சேறிய நினைவு, எழுத்தறிவு முன்னரே வாய்த்த வீடுகளிலிருந்து எழுதப்பட்ட நினைவாகவே பெரும்பாலும் அமைகிறது. அதே ஊரின் பொதுக் கிணற்றில் யார் நீர் இறைத்தார், எந்தத் தெருவில் யார் நடக்கவில்லை என்பதை அவ்வெழுத்துகளில் தேடிக் காண்பது அரிது.

இவ்விடைவெளியை நிரப்பச் சட்டங்களின் வாசகம் ஒருவகையில் துணைபுரிகிறது. ஒரு செயலைச் சட்டம் பெயர் சுட்டித் தடை செய்கிறது என்றால், அச்செயல் தடை செய்ய வேண்டிய அளவுக்குப் பரவியிருந்தது என்று கொள்ளலாம். அவ்வகையில் சட்டத்தை அரசின் ஆணையாக மட்டுமன்றிச் சமூக நடைமுறையின் மறைமுகச் சான்றாகவும் இக்கட்டுரை வாசிக்கிறது. சட்ட வாசகங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் சட்டமன்ற நடவடிக்கைகளும் இதன் முதன்மைத் தரவுகள். அணுகுமுறை வரலாற்று முறையும் விளக்கமுறையும் சார்ந்தது.

வழக்காறே சட்டமாக இருந்த காலம்

ஆங்கிலேய ஆட்சியின் நீதிமன்றங்கள் சாதிசார் விலக்கலைப் புதிதாக உருவாக்கவில்லை. எனினும் அதற்கு ஆணையின் வலிமையை அளித்தன. இதற்குக் கமுதி வழக்கு தெளிவான சான்று. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டதை எதிர்த்து இராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். அன்று கமுதியும் மதுரை மாவட்டத்திலேயே இருந்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் முடிவுற்றது. நாடார்களுக்கு அக்கோயிலில் நுழையும் உரிமை இல்லை என்பதே இறுதித் தீர்ப்பு. நீண்ட கால வழக்காறு என்பது தீர்ப்பின் அடிப்படையாயிற்று.

இத்தீர்ப்பின் விளைவு ஒரு கோயிலோடு நிற்கவில்லை. விலக்கப்பட்ட ஒருவர் கோயிலுள் நுழைந்தால் அவர் மீதும், அவரை அழைத்துச் சென்றவர் மீதும், அனுமதித்த அறங்காவலர் மீதும் வழக்குத் தொடுக்க வழி பிறந்தது. விலக்குபவர் நீதிமன்றத்தின் துணையை நாட முடிந்தது. விலக்கப்பட்டவர்க்கு அத்துணை கிட்டவில்லை. பின்னாளில் வந்த சட்டங்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது ஊரார் மனநிலையை மட்டுமன்று. நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழக்காற்றையும் ஆகும்.

தண்டனையற்ற அறிவிப்பு: 1924

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் நியமன உறுப்பினர்களாக இடம்பெற்றனர். அவர்களுள் எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். இரட்டைமலை சீனிவாசன் 1924இல் கொண்டுவந்த தீர்மானம், எவ்வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரின் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம் என்றும், பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றை அணுகலாம் என்றும் அறிவித்தது. சட்டமன்றம் அதனை ஏற்க, அரசும் ஆணை பிறப்பித்தது. அண்டை மாகாணமான பம்பாயில் எஸ். கே. போலே 1923இல் இதே நோக்கில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியிருந்தார்.

இரு தீர்மானங்களின் குறையும் ஒன்றே. உரிமை உண்டு என்றன. மறுப்பவர்க்கு என்ன நேரும் என்று சொல்லவில்லை. பம்பாய்த் தீர்மானத்தை நம்பி 1927 மார்ச்சில் மகாடு நகரின் சவுதார் குளத்தில் நீர் பருகிய அம்பேத்கரும் அவரைப் பின்தொடர்ந்தோரும் தாக்குதலுக்கு உள்ளானது இதனை விளக்கும். சென்னையில் இக்குறையை உணர்ந்து, தடுப்பவர்க்குத் தண்டனை வகுக்கும் முயற்சியை ஆர். வீரையன் சட்டமன்றத்தில் மேற்கொண்டார். அறிவிப்பு நிலையில் உரிமையைத் துய்ப்பதற்கு ஊராரின் இசைவே நடைமுறையில் நிபந்தனையாக இருந்தது.

எம். சி. ராஜாவின் சட்டம்: 1938

1937இல் சி. இராஜகோபாலாச்சாரி தலைமையில் காங்கிரசு அமைச்சரவை பொறுப்பேற்ற பின், எம். சி. ராஜா கொண்டுவந்த மசோதா சென்னைக் குடியியல் இடர்ப்பாடுகள் நீக்கச் சட்டமாக (1938ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம்) நிறைவேறியது. ‘ஹரிஜன்’ என்ற அக்காலச் சொல்லையே சட்டம் ஆள்கிறது. அதன் உள்ளடக்கத்தை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, ஹரிஜன் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் சட்டப்படி அமைந்த எந்த அமைப்பின் பதவிக்கும் தகுதியற்றவர் ஆகார். இரண்டாவது, பொது ஆறு, ஓடை, கிணறு, குளம், பாதை, போக்குவரத்து ஊர்தி முதலியவற்றையும், பொதுப்பணத்தால் நடைபெறும் சமயச் சார்பற்ற நிறுவனங்களையும் அணுகுவதிலிருந்து அவரைத் தடுக்கலாகாது. மூன்றாவது, இத்தகைய இடர்ப்பாட்டை விதிக்கும் வழக்காறு எதனையும் நீதிமன்றமோ உள்ளாட்சி அமைப்போ ஏற்றுக்கொள்ளலாகாது.

வரலாற்று நோக்கில் மூன்றாவது கூறே அடிப்படையானது. கமுதித் தீர்ப்பில் விலக்குபவர்க்கு நீதிமன்றம் அளித்த துணையைக் குடியியல் துறையில் இக்கூறு திரும்பப் பெற்றது. வழக்காறு இருந்தாலும் அதற்கு இனி நீதிமன்றத்தில் மதிப்பில்லை.

சட்டம் எண்ணிச் சொல்லும் இடங்களை வத்தலக்குண்டு போன்ற ஊரோடு பொருத்திப் பார்க்கும்போது அதன் பொருள் புலனாகிறது. மதுரை, திண்டுக்கல், பெரியகுளம் சாலைகளும் கொடைக்கானல் மலைச்சாலையும் கூடும் சந்தி இவ்வூர். கொடைக்கானல் ரோடு எனப் பெயர் பெற்ற இரயில் நிலையமும் இதே வட்டத்தின் அம்மையநாயக்கனூரில் அமைந்தது. மலைக்குச் செல்வோரும் சந்தைக்கு வருவோரும் இறங்கி ஏறும் இத்தகைய ஊர்களில் ஊர்தியில் இருக்கை, சாலையோரக் கிணறு, பாதை ஆகியவை அன்றாட வினாக்கள். சிற்றூரில் அனைவரும் அனைவரையும் அறிவர். ஆகவே விலக்கல் சொல்லாமலே நடக்கும். சந்தி ஊரில் அறிமுகமற்றோர் கலக்கும்போது, விலக்க விரும்புபவர் சாதியைக் கேட்டறிய வேண்டியிருக்கும். அந்தக் கேள்வியைச் சட்டத்துக்குப் புறம்பாக்கியதே 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறைப் பயன்.

இச்சட்டத்தின் எல்லையும் தெளிவானது. பொதுப்பணம் புழங்கும் இடங்களே அதன் இலக்கு. தனியார் நடத்தும் உணவுக்கடை, முடிதிருத்தகம், சலவைக்கடை ஆகியன அதன் மையத்தில் இல்லை. கோயிலும் வெளியே நிறுத்தப்பட்டது.

கோயில் நுழைவும் இசைவின் மூன்று படிகளும்

கோயில் நுழைவுக்கான சட்ட முயற்சி 1932இலேயே தொடங்கிவிட்டது. பி. சுப்பராயன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவர முயன்ற மசோதாவுக்கு வைசிராய் 1933 ஜனவரியில் முன் அனுமதி மறுத்தார். அனைத்திந்தியச் சிக்கலை ஒரு மாகாணம் தீர்க்கலாகாது என்பது சொல்லப்பட்ட காரணம். மத்தியச் சட்டமன்றத்தில் சி. எஸ். ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதாவும் 1934இல் கைவிடப்பட்டது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட கோயில் நுழைவுப் பிரகடனம் நிலைமையை மாற்றியது. ஆனால் அது மன்னரின் ஆணை, சட்டமன்றம் இயற்றியதன்று.

1938இல் எம். சி. ராஜா மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தபோது அமைச்சரவை அதனை ஆதரிக்கவில்லை. மாறாக, மலபார்ப் பகுதிக்கு மட்டுமான சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. அப்பகுதி இந்து வாக்காளருள் பெரும்பான்மையோர் வாக்களித்து இசைந்தால் கோயிலைத் திறக்கலாம் என்பது அதன் முறை. முதற்படி இதுவே: விலக்குபவரின் பெரும்பான்மை இசைவு.

இரண்டாம் படி மதுரையில் நிகழ்ந்தது. 1939 ஜூலை 8 அன்று அரிசன சேவா சங்கத்தின் அ. வைத்தியநாத ஐயர், பி. கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தார் சிலரையும் நாடார் சமூகத்தவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்து வழிபட்டார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். எதிர்ப்பாளர்கள் நீதிமன்றத்தை நாட முற்பட்டனர். கமுதித் தீர்ப்பு நடைமுறையில் இருந்தமையால் நுழைந்தவர்க்கும் அதிகாரிக்கும் தண்டனை அச்சம் உண்மையானதாக இருந்தது. ஆகவே அரசு ஓர் அவசரச் சட்டத்தின் வழி அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. பின்னர் அது சென்னைக் கோயில் நுழைவு அதிகாரமளிப்பு மற்றும் பொறுப்புவிலக்குச் சட்டமாக (1939ஆம் ஆண்டின் 22ஆம் சட்டம்) நிறைவேறியது. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை எனக் கருதும் அறங்காவலர், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம் என்றது அச்சட்டம். இசைவளிக்கும் இடம் வாக்காளரிடமிருந்து அறங்காவலர்க்கு மாறியது. ஆயினும் இசைவு என்ற நிபந்தனை மாறவில்லை.

இதில் ஒரு முரண் ஈண்டு நோக்கத்தக்கது. சட்டம் நுழைவை உருவாக்கவில்லை; நுழைவே சட்டத்தை உருவாக்கியது. மதுரையில் கோயிலுள் அடியெடுத்து வைத்தவர்கள் அந்நேரத்தில் எந்தச் சட்டத்தின் காப்பும் அற்றவர்கள். பொறுப்புவிலக்கு என்ற சொல்லே, நடந்தது அன்றைய சட்டப்படி பிழை எனக் கருதப்படலாம் என்பதை ஒப்புக்கொள்கிறது. இந்நிகழ்வை அழைத்துச் சென்றவரின் துணிவாக மட்டும் நினைவுகூர்வது போதாது. அழைக்கப்பட்டு உள்ளே சென்றவர்களின் துணிவாகவும் அது எழுதப்பட வேண்டும்.

மூன்றாம் படி 1947. சென்னைக் கோயில் நுழைவு அதிகாரமளிப்புச் சட்டம் (1947ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம்), சாதி வேறுபாடின்றி ஒவ்வோர் இந்துவும் எந்த இந்துக் கோயிலிலும் நுழைந்து ஏனையோர் வழிபடும் முறையிலேயே வழிபட உரிமை உடையவர் என்று அறிவித்தது. வாக்கெடுப்பும் இல்லை, அறங்காவலர் விருப்பமும் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்குள் கேள்வியின் வடிவமே மாறிவிட்டது. இச்சட்டத்தை எதிர்த்துத் தென்கன்னடத்து மூல்கி வேங்கடரமணர் கோயில் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், சமயப் பிரிவினரின் நிர்வாக உரிமையைவிட அனைவர்க்கும் கோயிலைத் திறக்கும் சட்டமே மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. அப்பிரிவினர்க்கே உரிய சில சடங்குகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. கமுதித் தீர்ப்புக்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டில் நீதித்துறையின் நிலை நேர் எதிராகத் திரும்பியது.

இடர்ப்பாடு, குற்றம், உரிமை

அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் உறுப்பு கடை, உணவகம், கிணறு, சாலை முதலியவற்றில் பாகுபாட்டைத் தடை செய்தது. அவற்றைச் செயற்படுத்த நாடாளுமன்றம் 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தை இயற்றியது. தனியார் கடையும் உணவகமும் இதன் வரம்புக்குள் வந்தன. அமெரிக்காவில் உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் நிறப் பாகுபாட்டைத் தடை செய்த குடியியல் உரிமைச் சட்டம் 1964இல்தான் வந்தது என்பதை ஒப்பிட்டால் இதன் காலம் புலப்படும்.

சட்டங்களின் பெயர்களையே வரிசைப்படுத்தினால் ஒரு கருத்துமாற்றம் தெரிகிறது. 1938இன் சட்டம் ‘இடர்ப்பாடு’ நீக்குவது. குறை விலக்கப்பட்டவரின் நிலையில் இருப்பதுபோன்ற தொனி அதில் உண்டு. 1955இன் சட்டம் ‘குற்றம்’ பற்றியது; பார்வை விலக்குபவர் மீது திரும்புகிறது. 1976இல் திருத்தப்பட்டபோது அதே சட்டம் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது; உரிமையுடையவர் மையத்துக்கு வருகிறார்.

இசைவு என்ற நோக்கில் 1955, 1976 சட்டங்களின் இரு கூறுகள் முக்கியமானவை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், மறுப்பு தீண்டாமையின் அடிப்படையிலேயே நிகழ்ந்தது என நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அன்று என மெய்ப்பிப்பது குற்றஞ்சாட்டப்பட்டவர் பொறுப்பு. அடுத்தது, 1955இன் சட்டப்படி இக்குற்றங்களை இருதரப்பும் இணங்கித் தீர்த்துக்கொள்ள இடமிருந்தது; 1976இன் திருத்தம் அதனை நீக்கியது. நிலம், கூலி, கடன் அனைத்துக்கும் எதிர்த்தரப்பை நம்பியிருக்கும் ஒருவரிடம் ‘இணக்கம்’ கேட்பது பெரும்பாலும் புகாரைத் திரும்பப் பெறச் சொல்வதே ஆகும். ஊர்ச் சமரசம் என்ற பெயரில் மீண்டும் நுழைந்த இசைவு நிபந்தனையைத் திருத்தம் அகற்றியது.

பதவி என்னும் கடைசி வாயில்

1938ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் எண்ணியது கிணற்றையன்று, பதவியை. அதன் முழுமையான சோதனை ஆறு பத்தாண்டுகளுக்குப் பின் அதே பழைய மதுரை மாவட்டத்தில் நிகழ்ந்தது. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தைத் தொடர்ந்து இயற்றப்பட்ட 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சித் தலைவர் பதவிகளிலும் பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கீடு அளித்தது. 1996இல் தேர்தல் நடந்தது. மேலூருக்கு அருகிலுள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் சென்றோர் சிலரும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டனர்.

வத்தலக்குண்டுக்குத் தெற்கே உசிலம்பட்டிப் பகுதியில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் வேறு வழி கையாளப்பட்டது. வேட்புமனு தாக்கல் ஆகாது. அல்லது தேர்ந்தெடுக்கப்பட்டவர் உடனே பதவி விலகுவார். சட்டத்தின் எந்த எழுத்தும் மீறப்படாமலே பத்தாண்டுகள் பதவி வெறுமையாக வைக்கப்பட்டது. 2006 அக்டோபரில்தான் அங்கு தேர்தல் முழுமையாக நடந்தேறியது.

இந்நிகழ்வுகள் சட்டம் தோற்றதற்குச் சான்று என்று வாதிடுவோர் உண்டு. மாற்று விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது. பாப்பாபட்டியில் எதிர்ப்பாளர்கள் நீதிமன்றத்திடம் வழக்காற்றைக் காட்டித் தடை பெற முடியவில்லை. கமுதியில் அவ்வாறு முடிந்தது. சட்டவழி இசைவு மறுப்புக்கு இடமில்லாமற் போனதால்தான் அது ஒத்துழையாமை, மிரட்டல், கொலை எனச் சட்டத்துக்கு வெளியே இடம் தேடியது. சட்டம் இங்கே அரசின் பக்கத்தை மாற்றியது. ஊரின் அதிகார உறவை அதே வேகத்தில் மாற்றவில்லை. நிலவுடைமையும் கூலியும் கடனும் முன்போலவே இருந்த இடத்தில், ஒதுக்கப்பட்ட நாற்காலியும் பிறர் இசைவை எதிர்பார்த்து நின்றது.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, சென்னை மாகாணத்தில் குடியியல் உரிமைச் சட்டங்களின் விரிவை அளக்க, திறக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையைவிட, தேவையற்றதாக்கப்பட்ட இசைவுகளின் வரிசையே துல்லியமான அளவுகோல்: 1924இல் ஊரார், 1938இல் வழக்காறும் வாக்காளரும், 1939இல் அறங்காவலர், 1976இல் ஊர்ச் சமரசம். இரண்டு, இவ்வரிசையின் திருப்புமுனைகள் பல, சட்டத்தின் காப்பின்றி முன்சென்றோரின் செயலால் விளைந்தவை. மூன்று, முறைசார் இசைவு நீங்கிய பின் பொருளாதாரச் சார்பு அதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவுகோல் கடந்த காலத்துக்கு மட்டும் உரியதன்று. மாணவரிடையே சாதி உணர்வால் எழும் வன்முறையைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்த நீதிநாயகம் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் தனிச்சட்டம் ஒன்றையும் பரிந்துரைத்தது. அத்தகைய சட்டம் எதுவாயினும், புகார் அளிக்கும் மாணவர் தலைமையாசிரியர், பெற்றோர், ஊர்ப் பெரியவர் ஆகியோருள் யாருடைய இசைவைக் கடந்து வர வேண்டியிருக்கும் என்பதை முதலில் கேட்பது பயன்தரும்.

நிலக்கோட்டை இன்று பட்டியல் சாதியினர்க்கான தனித் தொகுதி. வத்தலக்குண்டு அதனுள் அடங்கும். இப்பகுதியின் இலக்கியவாதிகளைப் பற்றி ஆய்வுகள் பல வந்துள்ளன. அதே வட்டத்தின் காவல் நிலையப் பதிவுகள், நீதித்துறை நடுவர் மன்ற வழக்கேடுகள், ஊராட்சித் தீர்மானப் புத்தகங்கள், மூத்தோரின் வாய்மொழி ஆகியவற்றைக் கொண்டு, ஒவ்வொரு சட்டமும் எந்தத் தெரு வரை வந்தது என்று எழுதும் வட்டார வரலாறே அடுத்து வேண்டப்படுவது.